சிறைக்குள் நாற்றங்கால் அமையுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறைகளில் நடைபெறும் சுற்றுச்சூழல் பணிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு, மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை அளிக்கிறோம்.

கேள்வி: அமெரிக்கச் சிறைகளில் தவளையும் பட்டாம்பூச்சியும் வளர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினத்தைக் கைதிகளிடம் ஒப்படைப்பது வெறும் விளம்பர வேலையாகத் தோன்றவில்லையா? – ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: சந்தேகம் நியாயமானது, தொடக்கத்தை அறிந்தால் அது குறையும். வாஷிங்டன் மாநிலத்தில் பூ அலங்காரக் கடைகளுக்காகக் காட்டு மரங்களிலிருந்து பாசியை உரித்து விற்பது பெரிய தொழில். உரித்த இடத்தில் பாசி மீண்டும் படரப் பல ஆண்டுகள் ஆகும். காட்டு மரங்களின் உச்சிப் பகுதியை ஆராய்ந்துவந்த நளினி நட்கர்னி என்னும் அறிவியலாளர், பாசியைக் காட்டுக்கு வெளியே வளர்க்கும் வழியைத் தேடியபோது, 2000-களின் தொடக்கத்தில் சீடர் கிரீக் என்னும் சிறையின் கைதிகளைத் துணைக்கு அழைத்தார். அதுவே பின்னர் எவர்கிரீன் மாநிலக் கல்லூரியும் அம்மாநிலச் சிறைத்துறையும் சேர்ந்து நடத்தும் திட்டமாக வளர்ந்தது.

தவளை வந்தது 2009-இல். ஆரிகான் புள்ளித் தவளையின் முட்டைகளை ஈரநிலங்களிலிருந்து எடுத்துவந்து, தலைப்பிரட்டைகளைத் தொட்டியில் வளர்த்து, பிற உயிர்கள் எளிதில் விழுங்கிவிட முடியாத அளவுக்குப் பெரிதான பிறகு மீண்டும் ஈரநிலத்தில் விட வேண்டும். தொட்டி நீரை மாற்றுவது, வெப்பநிலையைப் பார்ப்பது, தீனி போடுவது, வளர்ச்சியை அளந்து பதிவேட்டில் எழுதுவது என்று நாள் முழுவதும் ஆள் அருகிலேயே இருக்க வேண்டிய வேலை இது. உயிரியல் பூங்காவின் பணியாளருக்கு வேறு எத்தனையோ விலங்குகள் உண்டு. சிறையில் இருப்பவருக்குத் தவளை ஒன்றுதான்; அதனாலேயே முதல் ஆண்டுகளில் சிறையில் வளர்ந்த தவளைகள் பூங்காக்களில் வளர்ந்தவற்றைவிடப் பெரிதாக இருந்தன. 2011-இல் மிஷன் கிரீக் பெண்கள் சிறையில் டெய்லர் செக்கர்ஸ்பாட் என்னும் பட்டாம்பூச்சியை வளர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பட்டாம்பூச்சியை அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ள இனமாக 2013-இல்தான் அறிவித்தது. விளம்பரத்துக்காக மட்டும் நடத்தியிருந்தால் படம் எடுத்த மறுவாரமே புழுக்கள் செத்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: மதுரை மத்திய சிறை ஊருக்கு நடுவே இருக்கிறது. நிலமும் இல்லை, நீரும் குறைவு. இங்கே என்ன செய்துவிட முடியும்? – ஒரு வாசகி, மேலூர்

பதில்: 1865-இல் கட்டப்பட்ட அந்த வளாகத்தைச் சுற்றி நகரம் நெருக்கிக்கொண்டுவிட்டது என்பது உண்மைதான், புது ஜெயில் ரோட்டில் போகிறவர் எவரும் அதைக் கண்ணால் காணலாம். ஆனால் நாற்று வளர்க்க வயல் தேவையில்லை. நிழல்வலை கட்டிய ஓர் ஓரமும், பொறுமையுள்ள கைகளும் போதும். பொறுமை என்பதை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊரில் கடம்பங்கன்று கேட்டால் எத்தனை நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளைக் கடம்பின் விதை ஏறத்தாழத் தூசிதான். உருண்டையான பழத்தை ஊறவைத்துப் பிசைந்து, அலசி, உலர்த்திச் சலித்தெடுத்த விதையை மெல்லிய மணலோடு கலந்து தட்டில் தூவ வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஓடிவிடும் என்பதால் தட்டையே நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். ஈரம் மிகுந்தாலோ பூஞ்சை பிடித்து நாற்று அழுகிவிடும். முளைத்தவை விரல்நுனியால் எடுக்கும் அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையில் நட வேண்டும். கூலியாட்களை வைத்து அவசரமாகக் கன்று உற்பத்தி செய்யும் இடங்களில் இதற்கு யாருக்கும் நேரமில்லை. சிறையில் நேரம் இருக்கிறது.

இலுப்பைக்கு வேறு வகைச் சிக்கல். அதன் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழம் உதிரும் காலத்தில் விதையை உடனுக்குடன் வாங்கி ஊன்ற ஆள் தயாராக இருந்தாக வேண்டும். வேப்பங்கொட்டையும் ஏறத்தாழ அப்படித்தான். பனையைப் பையில் வளர்க்க முயல்வது மட்டும் வீண்வேலை, ஏனெனில் அதன் முளை நேரே மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். கொட்டையைச் சேகரித்துத் தரம் பிரித்துக் கொடுப்பதோடு சிறையின் வேலை முடிந்துவிட, ஊன்றுவதை மழைக்காலத்தில் கண்மாய்க் கரையிலேயே செய்ய வேண்டும்.

பரந்த நிலம் வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவிலை அடுத்த புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் செய்கிறார்கள். மதுரையில் முளைக்கவைத்து அங்கே பெரிதாக்கினால், வானம் பார்த்த பூமிக்கு எந்தக் கன்று தாங்கும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். கன்றை யார் வாங்குவார்கள் என்ற கவலை வேண்டாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்துள்ளது. நாட்டு மரக்கன்றுகளுக்குத் தேவை இருந்துகொண்டேதான் இருக்கும். ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியர் வாரம் ஒருமுறை சிறைக்கு வந்துபோவதும் பெரிய காரியமன்று.

கேள்வி: சிறைச் சமையலறைக் கழிவில் எரிவாயு எடுக்கலாமே? – ஒரு வாசகர், அலங்காநல்லூர்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே இடத்தில் சமைக்கும்போது கழிவு ஒரே இடத்தில், ஒரே வகையாகக் கிடைக்கிறது; எரிவாயுக் கலன் ஓடுவதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. கலனிலிருந்து வரும் கரைசல் நாற்றங்காலுக்கு உரமாகும்.

கேள்வி: சுற்றுச்சூழல் என்ற நல்ல பெயரில் கைதிகளிடம் இலவசமாக வேலை வாங்கும் தந்திரம்தானே இது? – ஒரு வழக்கறிஞர், மதுரை

பதில்: அப்படி ஆகிவிடக்கூடிய அபாயம் உண்டு; இதுவரை சொன்னவற்றை எல்லாம்விட இந்தக் கேள்வியே முக்கியமானது என்று கருதுகிறேன். தாங்கள் அறியாததன்று, எனினும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கடுங்காவல் தண்டனை பெற்றவரிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது. சிறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று 2024 அக்டோபர் 3-ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவு பிரிப்பதும் உரக்குழி கிளறுவதும் பசுமைப் பணி என்ற புதுப்பெயரோடு மீண்டும் அதே சாதியினரின் தலையிலேயே விழுந்தால், அந்தத் தீர்ப்பைப் புறவாசல் வழியாக மீறுவதாகும்.

எனவே நான் மூன்று விஷயங்களைப் பார்த்துத்தான் ஒரு திட்டத்தை எடைபோடுவேன். வேலைக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பமா. சிறையின் தறி வேலைக்கும் நாற்றங்கால் வேலைக்கும் கூலி ஒன்றா. ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதை அவருக்குக் கற்பிக்கிறார்களா. கடைசியானது இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆள் கிடைத்த கதையாகவே முடியும். வாஷிங்டன் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, கைதியின் பதிவேட்டை ஆராய்ச்சித் தரவாகவே ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான்.

கேள்வி: என் தம்பி விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். அவனுக்கு இதுபோன்ற வேலை கிடைக்குமா? வெளியே வந்தால் பயன்படுமா? – ஒரு சகோதரி, உசிலம்பட்டி

பதில்: விசாரணைக் கைதியை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது, அவரே விரும்பிக் கேட்டால் கொடுப்பதற்கு மாதிரிச் சிறைக் கையேட்டில் இடமிருக்கிறது. தம்பியைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போகும்போது சிறையின் நல அலுவலரைச் சந்தித்துக் கேளுங்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகளே. எந்த நாளில் பிணை கிடைக்கும் என்று தெரியாத அவர்களிடம் இரண்டு ஆண்டுக் கன்றை ஒப்படைக்க முடியாது. விதைநேர்த்தி, ஒட்டுக்கட்டுதல், மண்புழு உரம் போன்ற சில வாரப் பயிற்சிகளே அவர்களுக்குப் பொருந்தும்.

வெளியே வந்தபின் பயன்படுமா என்பது பெரும்பாலும் ஒரு காகிதத்தைப் பொறுத்தது. பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுத்தால், அதைக் கல்லூரியின் பெயரில் வாங்கப் பாருங்கள். சிறையின் முத்திரை இருக்கும் சான்றிதழை எந்த நாற்றுப்பண்ணையிலும் நீட்டத் தம்பிக்குக் கை வராது.