சுண்டெலி சைட்டோகைன்: கேட்டவையும் பதில்களும்

சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதம். ஆய்வகத்துக்கு அது உலர்ந்த நிலையில் குப்பியில் வரும்.

கேள்வி: புதுக் குப்பிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. காலியா?

காலி இல்லை. 10 மைக்ரோகிராம் புரதம் உலர்ந்துவிட்டால் கண்ணுக்குப் படாது. திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் சில விநாடி சுற்றுங்கள், மூடியில் ஒட்டியது அடிக்கு வந்துவிடும். கரைக்கும்போது வார்ட்டெக்ஸ் (கருவியில் வைத்து வேகமாகக் குலுக்குவது) செய்யாதீர்கள்.

கேள்வி: மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் (வெள்ளணுக்களை வளர்க்கும் ஒரு சைட்டோகைன்) மிச்சம் இருக்கிறது. சுண்டெலி எலும்பு மஜ்ஜைக்குப் போடலாமா?

கூடாது. மனித ஜிஎம்-சிஎஸ்எஃப்பை சுண்டெலி செல்லின் ஏற்பி (சைட்டோகைனைப் பிடிக்கும் புரதம்) கண்டுகொள்வதில்லை. ஐஎல்-4, இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன்கள் இரண்டும் இப்படித்தான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை: மனித ஐஎல்-2 சுண்டெலி டி செல்லை வளர்க்கும். மனித எம்-சிஎஸ்எஃப் சுண்டெலி செல்லில் வேலை செய்யும், சுண்டெலியுடையது மனித செல்லில் செய்யாது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: ஈடி50 (பாதி விளைவு தரும் அளவு) 0.1 நானோகிராம்/மில்லி என்றால் எத்தனை யூனிட்?

ஒரு மில்லிகிராமில் உள்ள பத்து லட்சம் நானோகிராமை 0.1ஆல் வகுங்கள். மில்லிகிராமுக்கு ஒரு கோடி.

கேள்வி: புரதம் சேர்த்ததும் மேக்ரோஃபேஜ்கள் (கிருமியை விழுங்கும் செல்கள்) டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டுகின்றன. சைட்டோகைனின் வேலைதானே?

அவசரப்படாதீர்கள். உங்கள் புரதம் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரானது என்றால் முதல் சந்தேகம் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள நச்சு) மேல்தான். மேக்ரோஃபேஜை உசுப்ப அதில் துளியே போதும். நானே ஒருமுறை மாதக்கணக்கில் அந்தத் துளியைத்தான் அளந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் புரதத்தைக் கொதிக்கவைத்து, அதையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். புரதம் சிதையும், எண்டோடாக்சின் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கொதித்த பிறகும் டிஎன்எஃப் வந்தால் அது சைட்டோகைனின் வேலை இல்லை.

கேள்வி: உருக்கியதை மறுபடி உறையவைக்கலாமா?

வேண்டாம். முதல் நாளே சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள்.

கேள்வி: பாலூட்டி செல்லில் தயாரித்ததை வாங்கினால் எண்டோடாக்சின் தொல்லையே இல்லையே?

ஒத்துக்கொள்ள மாட்டேன். குறையும், அவ்வளவுதான். நீங்கள் ஊற்றும் சீரம், தண்ணீர், பஃபர் எதிலிருந்தும் அது வரலாம். புரதத்தை மட்டும் பார்க்காமல் கடைசியில் செல்லுக்குப் போகும் கலவையையும் சோதியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் பாலிமிக்சின்-பி என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டால் போதாதா?

அதுவும் முழு விடை இல்லை. எண்டோடாக்சினைப் பிடிக்கும், ஆனால் பாக்டீரிய லிப்போபுரதம் கலந்திருந்தால் அதைப் பிடிக்காது. அது டிஎல்ஆர்2 என்ற ஏற்பி வழியாகச் செல்லை உசுப்பும். டிஎல்ஆர்4 (எண்டோடாக்சினை உணரும் ஏற்பி) பழுதான சி3எச்/ஹெச்இஜே சுண்டெலியின் செல்லிலும் இதே ஓட்டை உண்டு. பாலிமிக்சின், இந்தச் செல் இரண்டையும் வைத்துப் பாருங்கள், கொதிக்கவைத்த ஒப்பீட்டுச் சோதனையையும் விடாதீர்கள்.

கேள்வி: மீந்ததை மறுபடி ஃப்ரீசரில் வைத்தால்…

மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: சைட்டோகைனில் சாயம் இணைக்க, அல்புமின் (புரதத்தைக் காக்கச் சேர்ப்பது) சேர்த்ததை வாங்கலாமா?

வேண்டாம். சாயம் அல்புமினில்தான் ஒட்டும். அல்புமின் இல்லாததைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டு நாய்க்கு ஊசியாக…

கூடாது. இது ஆய்வுக்கு மட்டும். கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கொதிக்கவைத்தும் டிஎன்எஃப் பாதிக்குப் பாதி வருகிறதே?

அப்போது பாலிமிக்சின் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் ஓட்டுங்கள். எல்ஏஎல் (எண்டோடாக்சினை அளக்கும்) சோதனை எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.