புத்தி மங்கினால் ஆன்மாவும் மங்கிடுமோ?

கேள்வி: ஐயா, அம்மாக்கு மறதி வருத்தம், இப்ப என்னையே ஆரெண்டு கேக்கிறா. அறிவுதான் ஆன்மா எண்டு சின்னனில படிச்சனான். அப்ப அம்மான்ர ஆன்மாக்கு என்ன நடந்தது?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். எங்கட சைவ சித்தாந்தத்தில புத்தி வேற, ஆன்மா வேற. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நாலையும் அந்தக்கரணம் எண்டு சொல்லுறது, கரணம் எண்டால் கருவி. இதுகள் உடம்பையும் உலகத்தையும் ஆக்கிற 36 தத்துவத்துக்குள்ள அடங்கிற, மாயை எண்ட மூலப்பொருளில இருந்து வந்த சடப்பொருள், தானா ஒண்டையும் அறியாது, ஆன்மா இதுகளைப் பிடிச்சுக்கொண்டுதான் உலகத்தை அறியுது. 13ஆம் நூற்றாண்டில மெய்கண்டார் தன்ர சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின்ர நாலாம் சூத்திரத்தில "அமைச்சு அரசு ஏய்ப்ப" எண்டு சொல்லுறார், அதாவது கரணங்கள் மந்திரிமார், ஆன்மா அரசன். எனக்கு விளங்கின அளவில, மந்திரிமார் ஒவ்வொருத்தரா விலகிப் போனால் வாசலில வந்து நிக்கிறது ஆரெண்டு அரசனுக்குச் சொல்ல ஆளில்லை, ஆனா அரசன் உள்ளுக்கத்தான் இருக்கிறார். நித்திரையிலயும் கருவியள் ஒடுங்கிறதுதானே, அதுக்காக ஆன்மா இல்லையெண்டு ஆரும் சொல்லுறதில்லை.

உங்கட பயம் வேற இடத்தில இருந்து வருது எண்டு நினைக்கிறன். 1641இல பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் எழுதின 'தியானங்கள்' எண்ட புத்தகத்தில மனம் ஒரு தனிப்பொருள், சிந்திக்கிறதுதான் அதின்ர இயல்பு எண்டு வச்சார். அப்பிடிப் பாத்தால் சிந்தனை குலைஞ்சவுடன ஆளே குலைஞ்ச மாதிரித்தான் எங்களுக்குப் படும், என்ர மனம் அதை ஏற்குதில்லை.

பழைய கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் ஆன்மாவைத் தனிப்பொருளா எடுக்கேல்லை, உடம்பின்ர வடிவம், அதாவது உடம்பை உயிருள்ளதா ஆக்கிற தன்மை எண்டுதான் சொன்னவர், கண் ஒரு உயிரா இருந்தால் பார்வைதான் அதின்ர ஆன்மாவாம். அவரே இன்னொரு இடத்தில, கிழவனுக்கு இளம்பொடியன்ர கண் கிடைச்சால் அவனை மாதிரியே பாப்பான், முதுமையில தேயுறது ஆன்மா இல்லை, அது இருக்கிற இடம்தான், வெறியிலயும் வருத்தத்திலயும் நடக்கிற மாதிரி எண்டு எழுதினார். ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலான எழுத்து, உங்கட அம்மாவைப் பாத்துச் சொன்ன மாதிரி இருக்குது.

இது மூளை வருத்தம், டொக்டரிட்டக் காட்டுறதை விட்டிடாதேங்கோ. மற்றது, ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும், அதாவது எதைச் சேருதோ அதின்ர தன்மையை எடுக்கும் எண்டு சித்தாந்தம் சொல்லும், அதால ஆர் பக்கத்தில இருக்கினம் எண்டது முக்கியம். பேர் மறந்த ஆக்களுக்கும் பழைய பாட்டு வாயில வருறதுண்டு. பின்னேரம் விளக்கு வச்சிட்டு அவான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அவாக்குப் பழக்கமான தேவாரத்தின்ர முதலடியைப் பாடிப்போட்டு நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை அவா பாடுறாவோ எண்டு பாருங்கோ.