கல்லூரி முடித்து 25 வருடம் ஆகிறது. சேலத்தில் படித்த எங்கள் வகுப்பு மறுபடி கூடத் திட்டமிடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? ஏற்காட்டில் வைக்கலாமா?

ஏற்காட்டில் வைக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் 1996-99 பி.எஸ்சி. கணிதம், சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரி. எங்கள் 25ஆம் வருடச் சந்திப்பை 2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை நடத்தினோம். ஏற்பாட்டுக் குழு என்று பெயருக்கு ஆறு பேர். ஓடி ஆடியது இரண்டரைப் பேர். அந்த அரை நான்தான்.

முதலில் எங்களுக்கும் ஏற்காடு மோகம் இருந்தது. ரிசார்ட், இரண்டு நாள், ராத்திரி தீ மூட்டிப் பாட்டு, தலைக்கு ஐயாயிரம். வாட்ஸ்அப்பில் போட்டதும் ஆண்கள் பக்கம் கட்டைவிரல் படங்கள் குவிந்தன. பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. குழுவில் அப்போது பதினான்கு பெண்கள். தனித்தனியாகக் கேட்டபோது ராத்திரி தங்க முடியும் என்றவர்கள் இரண்டே பேர். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் என்ன சொல்வார்களோ என்று ஆளுக்கொரு காரணம். எங்கள் துறைத் தலைவராக இருந்த சாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. "இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நான் மேல வந்து சேர்றதுக்குள்ள உங்க விழா முடிஞ்சிரும்பா" என்றார். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்த முப்பது கிலோமீட்டரில் பாதி வகுப்பு கழன்றுவிடும்.

அதனால் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை படித்த கல்லூரியிலேயே, தரைத்தளத்தில், என்று மாற்றினோம். முடிந்த பிறகு ஆசைப்பட்ட பதினோரு பேர் சொந்தச் செலவில் வேன் பிடித்து மலைக்குப் போனார்கள். போன இடத்தில் பனிமூட்டம் தவிர எதையும் பார்க்கவில்லையாம். (சென்னையிலிருந்து வந்த ஒருவனின் மகள், ஏற்காடு எக்ஸ்பிரஸ் மலை ஏறும் என்று நம்பி உட்கார்ந்திருந்தாள். அது விடியுமுன் சேலத்தில் நம்மை இறக்கிவிட்டு ஈரோட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்ததும் அழாத குறை.)

இப்போது எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு வருகிறேன். மண்டபம், சாப்பாடு, ஒரே நிறச் சட்டை எல்லாம் கடைசி மாதத்து வேலை. முதல் ஆறு மாதம் ஆள் தேடுங்கள்.

எங்கள் காலத்தில் கைபேசி கிடையாது. ஆட்டோகிராப் நோட்டில் எல்லாரும் முகவரியும் ஒரு பி.பி. நம்பரும் எழுதியிருந்தார்கள், பக்கத்து வீட்டு மளிகைக்கடை நம்பர். அதில் ஒன்றுகூட இன்று வேலை செய்யவில்லை. ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பையன்கள் சேலம் மாவட்டம் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் முதலாமாண்டு படிக்கும்போதுதான், 1997 ஜனவரியில், நாமக்கல் தனி மாவட்டமானது. எழுதிய கை பழக்கத்தை விடவில்லை.

ஊர்ப் பெயரை வைத்து நேரில் போவதுதான் பலித்தது. தாரமங்கலம், இளம்பிள்ளை, ஆட்டையாம்பட்டி, வாழப்பாடி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் ஏறினோம். டீக்கடையில் அப்பா பெயரையும் தொழிலையும் சொன்னால் போதும், "அந்தத் தறிக்காரர் மகனா?" என்று வழி காட்டிவிடுவார்கள்.

பெண்களைக் கண்டுபிடிப்பது வேறு கலை. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும், முகநூலில் முகத்துக்குப் பதில் செம்பருத்தி இருக்கும். ஒரு வீட்டுக்கு நானே போன் செய்து "உங்க வீட்டம்மாகூட ஒண்ணாப் படிச்சவன்" என்றேன். எதிர்முனையில் விழுந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றோடு அந்த வேலையை வகுப்புப் பெண்கள் மூவரிடம் ஒப்படைத்தோம். அவர்கள் இரண்டே மாதத்தில் இருபத்தொரு பேரில் பத்தொன்பது பேரைப் பிடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. யாரையும் அழைக்கும் முன் ஊரில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் ஒரு நம்பரை அழைத்து உற்சாகமாக, "டேய், எங்கடா போயிட்ட?" என்று ஆரம்பித்தேன். "அவர் போயி நாலு வருஷம் ஆச்சுங்க" என்றார் அவன் மனைவி. இப்படி ஐந்து பேரை இழந்திருந்தோம் என்பது தேடியபோதுதான் தெரிந்தது.

நான் செய்த பெரிய தப்பு கூகுள் படிவம். பெயர், படித்து முடித்த ஆண்டு, தற்போதைய பதவி, நிறுவனம். யோசிக்காமல் நான்கையும் கட்டாயம் என்று போட்டிருந்தேன். போதாததற்குப் பணம் கட்டியவர்கள் பட்டியலைத் தினமும் ராத்திரி குழுவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் குழுவை விட்டு வெளியேறினான். சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பணக்கஷ்டம் போலிருக்கிறது, அவன் பங்கை நாமே போட்டுவிடலாம் என்று குழுவில் எல்லாரும் தாராளமாகப் பேசினார்கள். நானும்தான்.

நேரில் போனேன். கொலுசுக்குப் பற்ற வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து டீ சொன்னான். பணத்தைப் பற்றி மெல்ல இழுத்ததும் சிரித்துவிட்டான். "காசா? போன மாசம் பொண்ணுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தேன் மாப்ள. அது இல்லடா. படிச்சு முடிச்ச வருஷம்னு கேட்டிருக்கியே, எனக்கு ரெண்டு பேப்பர் அரியர் இன்னும் நிக்குது. நான் எங்கடா முடிச்சேன்? பழைய மாணவர்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

அன்றிரவே படிவத்தை அழித்தேன். பட்டம் வாங்கியவர்கள் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலாமாண்டு வருகைப் பதிவேட்டின் நகலைத் தேடிப் பிடித்தோம். ஒரு சார் வீட்டுப் பரணில் இருந்தது. கணக்கு 44இலிருந்து 58 ஆனது. இடையில் நின்றவர்கள், முதல் வருடமே பாலிடெக்னிக்குக்கு மாறியவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட மூன்று பெண்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். நீங்களும் அந்தப் பதிவேட்டிலிருந்தே தொடங்குங்கள். பதவி என்ற கட்டத்தை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். வந்து உட்கார்ந்து பேசினால் தானாகத் தெரிந்துவிடப் போகிறது.

பணத்துக்கு ஒரே வழி: தலைக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள். வங்கியில் இருக்கும் ஒருவனைப் பொருளாளராக்கினோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவனுக்கு மட்டும் தெரியும், மொத்தத் தொகை மட்டும் எல்லாருக்கும். தேவைக்கு மேலேயே சேர்ந்தது. மிச்சத்தில் என்ன வாங்கித் தரலாம் என்று துறையிலேயே கேட்டு நான்கு மின்விசிறி மாட்டினோம். அதில் எங்கள் பெயரை எழுத வேண்டும் என்று ஒருவன் இரண்டு வாரம் சண்டை போட்டான்.

தேதி. மே மாதம் வெயில், ஜூனில் பள்ளிச் செலவு, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம். எங்களுக்கு மார்கழி வசதிப்பட்டது: முகூர்த்தம் இல்லை, சமையல்காரர் சும்மா இருப்பார், அரையாண்டு விடுமுறை, வெளிநாட்டுக்காரர்களும் ஊருக்கு வருவார்கள். மறந்தது ஒன்று, ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள். ஏழு பேர்! மேச்சேரி ஆட்டுக்கறிக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், முதல் பந்தி சைவம் என்று சமாளித்தோம். மாலையில் கேக்குக்குப் பதிலாகத் தட்டுவடை செட் வண்டிக்காரர் ஒருவரை உள்ளேயே வரவழைத்தோம். அன்று கூட்டம் அதிகம் நின்றது மேடைக்கு முன்னால் இல்லை, அந்த வண்டிக்கு முன்னால்தான்.

பட்டறைக்காரன் வந்தான். ரசத்தில் உப்பு அதிகம் என்று குறை சொன்னான். மறுபடியும் குழுவில் சேர்த்தோம். இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு முருகன் படத்தோடு வணக்கம் போடுகிறான். அவனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் தனியாகக் கேட்டுவிட்டார்கள்.