லண்டன் பார் கோர்ஸுக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "என் மகள் சென்னையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். வணிக வழக்குகளும் சர்வதேசச் சட்டமும்தான் அவளுக்கு இஷ்டம். ஒரு கன்சல்டன்சியில் ‘லண்டனில் ஒரு வருடம் பார் கோர்ஸ், எல்லாம் சேர்த்து 35 லட்சம், முடித்தால் பாரிஸ்டர்’ என்கிறார்கள். மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் மைத்துனர் மகன் அப்படித்தான் போய்ப் படித்தான், இன்றைக்குக் கோலாலம்பூரில் வக்கீல். இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் 2 லட்சம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பதிவுக் கட்டணம் என்று 25,000 ஏற்கெனவே கட்டிவிட்டேன். பாக்கிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா?"

வேண்டாம் ஐயா. அந்த 2 லட்சத்தைக் கட்டாதீர்கள், வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மகளின் ஆசையில் ஒரு குறையும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக வணிக வழக்குகள் நடத்துகிறவன் நான், இந்தப் பக்கம் கெட்டிக்காரப் பிள்ளைகள் இன்னும் நிறைய வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பாரிஸ்டர் என்றால் இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடும் வக்கீல். ஆனால் பாரிஸ்டர் பட்டம் வாங்குவது வேறு, பாரிஸ்டராகத் தொழில் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் கன்சல்டன்சிகள் வியாபாரம் பண்ணுகின்றன.

இங்கிலாந்தில் இதற்கு மூன்று கட்டம். முதலில் சட்டப் படிப்பு, அப்புறம் பார் கோர்ஸ் என்ற தொழிற்படிப்பு, கடைசியாக ப்யூபிலேஜ் என்ற ஒரு வருடப் பயிற்சி. பார் கோர்ஸை முடித்து, லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், மிடில் டெம்பிள், இன்னர் டெம்பிள் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, அவர்கள் விதித்த கூட்டங்களுக்குப் போய்வந்தால் பட்டம் கொடுத்துவிடுவார்கள். கவுன் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ப்யூபிலேஜில் முதல் பாதியைக்கூட முடிக்காதவர் அங்கே கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் பாரிஸ்டராக எழுந்து நிற்க முடியாது. நம்மூரில் சீனியரிடம் ஜூனியராக உட்காருவது போலத்தான் ப்யூபிலேஜ். முதல் ஆறு மாதம் கூட இருந்து பார்க்க வேண்டும், அடுத்த ஆறு மாதம் சொந்தமாக ஆஜராகலாம். இங்கே சீனியர் ‘நாளைக்கு வாம்மா’ என்றால் சேர்ந்துவிடலாம், அங்கே அந்த இடத்துக்குத்தான் முழுப் போட்டியும். வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் பார் கோர்ஸில் சேருகிறார்கள், ப்யூபிலேஜ் இடங்களோ 500, 600ஐ ஒட்டித்தான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கிடைக்காதவர்கள் இந்த வருட வரிசையிலும் நிற்பார்கள். கோர்ஸ் முடித்து 5 வருடத்துக்குள் இடம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் படிப்பே காலாவதி ஆகிவிடும்.

போன வருடம் ஒரு பெண் இதே மாதிரி ஒரு கன்சல்டன்சி கொடுத்த விளம்பரப் புத்தகத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். வழுவழு தாள், அட்டையில் தேம்ஸ் நதி, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பாரிஸ்டர், பாரிஸ்டர். ப்யூபிலேஜ் என்ற சொல் எங்கே வருகிறது என்று இரண்டு பேரும் மேஜையில் விரித்து வைத்துத் தேடினோம். கடைசிப் பக்கத்தில் கன்சல்டன்சி முகவரிக்குக் கீழே, என் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் படிக்க வேண்டிய அளவில், ‘பயிற்சி வாய்ப்புகள் தனி நிபந்தனைகளுக்கு உட்பட்டவை’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குள் ஒன்றரை லட்சம் கட்டியிருந்தாள்.

35 லட்சம் கணக்கும் சரியில்லை. நம்மூர் சட்டப் பட்டத்தோடு போகிறவர் பெரும்பாலும் நேராகப் பார் கோர்ஸில் உட்கார முடியாது, இங்கிலாந்துச் சட்டத்துக்கு மாறுகிற படிப்பு ஒன்றை முதலில் முடிக்க வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு வருடம். ஆக இரண்டு வருடம். லண்டனில் பார் கோர்ஸ் கட்டணம் மட்டும் 13,000 பவுண்டிலிருந்து 20,000 பவுண்ட் வரை போகிறது, மாறுகிற படிப்புக்கு வேறு 10,000க்கு மேல். வீடு, சாப்பாடு, பஸ், ரயில் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 பவுண்டாவது வேண்டும். பவுண்டை வெறும் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், அது இன்று அதற்கும் மேலே நிற்கிறது, 60 லட்சத்தைத் தொட்டுவிடும். ஏஜென்ட் முதல் வருடத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். ஏனென்றால் பொதுவாக நீங்கள் கட்டுகிற முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தக் கல்லூரி அவருக்குக் கமிஷனாகக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் மகள் என்ன ஆகிறாள் என்பதால் அவருக்கு ஒரு ரூபாய்கூட லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பாரிஸ்டர்களுக்குக் கோடியில் சம்பளம் என்று அவர் ஒரு தாளைக் காட்டியிருப்பார். லண்டனின் முதல் வரிசை வணிகச் சேம்பர்களில், அதாவது பாரிஸ்டர்கள் கூட்டாக நடத்தும் அலுவலகங்களில், பயிற்சி வருடத்திலேயே 75,000 பவுண்டுக்கு மேல் தருகிற இடங்கள் நிஜமாகவே உண்டு. ஆனால் அப்படிப்பட்ட சேம்பர் வருடத்துக்கு எடுப்பது ஒன்றிரண்டு பேரை, மிஞ்சினால் நான்கு பேரை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் முதல் வகுப்பு வாங்கி, மேலே பி.சி.எல். என்ற ஆக்ஸ்ஃபோர்டின் முதுநிலைச் சட்டப் படிப்பு முடித்தவர்களே வரிசையில் நிற்கிறார்கள். இன்னொன்று கவனியுங்கள்: அந்தச் சேம்பர்களில் இடம் பிடிப்பவர்களில் பலர் பார் கோர்ஸுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். ப்யூபிலேஜ் கேட்வே என்ற இணையதளத்தில் ஜனவரியை ஒட்டி விண்ணப்பம், மே மாதம் முடிவு. இடம் உறுதியானவர்களுக்குச் சேம்பரே கோர்ஸ் செலவுக்கு ஒரு தொகையை முன்கூட்டித் தருவதும் உண்டு. அதனால் முதலில் இடம், பிறகு கோர்ஸ். இதைத் தலைகீழாக்கிச் செய்பவர்கள்தான் வீட்டை விற்கிறார்கள்.

இனி உங்கள் மைத்துனர் மகன் விஷயம். அவர் செய்தது முழுக்கச் சரி. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமே இங்கிலாந்து பாரிஸ்டரைத் தகுதியுள்ளவராக ஏற்றுக்கொள்கிறது. லண்டனில் ப்யூபிலேஜ் தேவையில்லை, பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி 9 மாதம் அங்கேயே சேம்பரிங் என்ற பயிற்சி செய்தால் மலேசிய வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளலாம். உள்ளூரில் சி.எல்.பி. என்று வக்கீல் ஆவதற்கான ஒரு தகுதிப் பரீட்சை இருக்கிறது, அது கடினம் என்பதால் பல குடும்பங்கள் லண்டனுக்கு அனுப்புகின்றன. அதாவது அந்தப் பையனுக்கு லண்டன் பட்டம் தன் ஊர்க் கோர்ட்டின் சாவி. உங்கள் மகளுக்கு அது எந்தக் கதவையும் திறக்காது, ஏனென்றால் நம் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பாரிஸ்டர் பட்டத்தை வைத்து மட்டும் பதிவு செய்துகொள்ளும் வசதியை 1976 டிசம்பர் 31க்குள் பட்டம் வாங்கியவர்களோடு நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டப் பட்டம் இருக்கிறதால் அவள் எப்படியும் இங்கே பதிவு செய்யலாம், அதற்கு லண்டன் கூடுதலாக எதையும் சேர்க்காது. ஏஜென்டுகள் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் தமிழ்ப் பெயர்களாகப் பார்த்து ‘நம்ம ஆளுங்க போயிருக்காங்களே’ என்று நாம் நம்பிவிடுகிறோம். கொஞ்சம் விசாரியுங்கள், அதில் பாதிப்பேர் மலேசியாக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. இதை நான் எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

அவள் விரும்புகிற வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வணிக வழக்கு என்றால் முக்கால்வாசி காகிதம். சில வருடங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கத்து ஜவுளி வியாபாரி ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். பையில் இன்வாய்ஸ், லாரி ரசீது, வாட்ஸ்அப் பேச்சின் பிரிண்ட், அதற்கு நடுவில் நான்காக மடித்த சம்மன். தேதியைப் பார்த்தேன், 117ஆம் நாள். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தில் எதிர்வாதவுரை போட 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 120 நாள், அதைத் தாண்டினால் பதில் சொல்லும் உரிமையே போய்விடும். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினோம். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எந்த லாரி, எந்தத் தேதி, எத்தனை பேல் என்று ஜூனியர்கள் இருவர் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல்தான் பின்னால் வழக்கைக் காப்பாற்றியது, என் வாதம் இல்லை. லண்டன் ரோல்ஸ் பில்டிங்கில் இருக்கும் வணிக நீதிமன்றத்திலும் அடிப்படை வேலை இதேதான். நம்மூரில் ஒரு சங்கடம், கட்சிக்காரருக்கு 120 நாள் என்று கறாராகச் சொல்லும் அமைப்பு தன் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி கோல் இந்தியாவுக்கு எதிராக 2002இல் ஆர்பிட்ரேஷனில், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர்கள் முன் நடக்கும் வழக்கில், ஜெயித்தது. அந்தத் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற முடியாமல் ஒன்பது வருடம் நம் கோர்ட்டுகளில் இழுபட்டு, கடைசியில் அந்தத் தாமதத்துக்காகவே 2011இல் ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் இந்தியாவை நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அப்போதும் இங்கே யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

சர்வதேசச் சட்டம் என்றதும் பிள்ளைகள் ஐ.நா. சபையை நினைக்கிறார்கள். தனியார் கட்சிக்காரர்களுக்காக வேலை பார்க்கிற வக்கீலுக்கு அது பெரும்பாலும், எந்த நாட்டுக் கோர்ட், எந்த நாட்டுச் சட்டம், யார் வழக்குப் போடலாம் என்ற கேள்விகள்தான். பத்தூர் நடராஜர் வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள். தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைத்த சிலை, கை மாறிக் கை மாறி, பொய் ஆவணத்தோடு 1982இல் ஒரு கனடா கம்பெனிக்கு விற்கப்பட்டு, லண்டன் போலீஸ் பிடித்தது. இடிந்து கிடக்கும் ஒரு கோயில் இங்கிலாந்தில் வழக்காட முடியுமா என்பது கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தில் கோயில் ஒரு ஆள் இல்லை, நம் சட்டத்தில் உண்டு. 1991இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் நம் சட்டத்தை மதித்து அதற்கு உரிமை உண்டு என்றது. நடராஜர் ஊர் திரும்பினார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட அங்கே சாட்சியமாக வந்தன. உங்கள் மகளுக்கு இந்த வழக்கு ருசித்தால் அவளுக்கு இந்தத் துறை சரிப்படும்.

சரி, என்ன செய்யலாம்? படிப்பு முடிந்ததும் இங்கே என்ரோல் பண்ணட்டும், அகில இந்திய பார் தேர்வை எழுதட்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று கோர்ட் வாசலில் வருபவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பிறகு, உயர் நீதிமன்றத்தில் வணிக வழக்கும் ஆர்பிட்ரேஷனும் பார்க்கிற சீனியரிடம் மூன்று வருடமாவது இருக்கட்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, பல அலுவலகங்களில் அது இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது, எனக்கு அதில் கோபம் உண்டு. சேருவதற்கு முன்பே எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு பிரிட்டிஷ் அரசின் செவனிங் போன்ற உதவித்தொகைக்குப் போட்டுப் பார்க்கலாம், நல்ல பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம்., பி.சி.எல். என்று போகலாம், அங்கிருந்தே ப்யூபிலேஜுக்கும் முயலலாம். இங்கிலாந்தில்தான் தொழில் வேண்டும் என்றால் சொலிசிட்டர் வழியும் இருக்கிறது, அதாவது கட்சிக்காரரோடு நேரடியாகப் பேசி வழக்கைத் தயார் செய்கிற வக்கீல். அதற்கான எஸ்.க்யூ.இ. தகுதித் தேர்வின் முதல் பகுதியை இந்தியாவிலிருந்தே எழுதலாம். இரண்டு பகுதிக்கும் தேர்வுக் கட்டணம் 5,000 பவுண்டை ஒட்டி, பயிற்சி வகுப்பு தனி. வணிக வழக்குகளின் பெரும்பகுதி வேலை அங்கே சொலிசிட்டர் கையில்தான்.

நீங்கள் கட்டிய 25,000க்கு வருகிறேன். இன்றைக்கே கன்சல்டன்சிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், போனில் பேசாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தியப் பட்டத்தோடு மாறுகிற படிப்பு தேவையா, கட்டணத்தில் ப்யூபிலேஜ் அடக்கமா, கல்லூரியிலிருந்து உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு. பதில் வரும் வராது, அது பரவாயில்லை. கூடவே, இந்த விவரங்களைச் சொல்லாமல் பணம் வாங்கியதால் திருப்பித் தர வேண்டும் என்று 15 நாள் கெடு கொடுங்கள். ரசீது, வாட்ஸ்அப், அவர்கள் கொடுத்த விளம்பரப் புத்தகம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தரவில்லை என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. மனுவை உங்கள் மகளே எழுதட்டும். தேதி வாரியாக, ஒவ்வொரு ரசீதுக்கும் எண் போட்டு.