மீன் காட்சியகச் சுரங்கம் மூடியிருந்தது, டிக்கெட் காசு திரும்புமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு மாமியார், பிள்ளைகள் எல்லோருமாக ஐந்து பேர் காரைக்குடியில் பல்லவன் ஏறி, சென்னையில் ஒரு தனியார் மீன் காட்சியகத்துக்குப் போனோம். தலைக்கு மேல் சுறா நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்தைக் காட்டித்தான் இணையத்தில் டிக்கெட் விற்றார்கள். உள்ளே போன பிறகுதான் பராமரிப்புக்காக அதை மூடியிருப்பது தெரிந்தது. மற்ற தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால், “பணம் திரும்பத் தரப்படாது என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே” என்கிறார்கள். இதற்காக மறுபடி சென்னைக்கு அலைய முடியுமா?
- வாசகி, கோட்டையூர்

பதில்: அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு அது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

சுரங்கத்தை மூடியதில் தவறில்லை. உப்புநீரைச் சுத்தமாக வைக்கவும், சுவரில் படியும் பாசியை எடுக்கவும் அவ்வப்போது மூடித்தான் ஆக வேண்டும். மீன்களுக்கும் அதுதான் நல்லது. ஆனால் மூடியிருப்பது தெரிந்தும் சொல்லாமல் முழுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்களே, அதுதான் குற்றம். தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று சட்டமே சொல்கிறது. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. டிக்கெட்டில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் இந்த உரிமை போய்விடாது.

சரி, எவ்வளவு கேட்கலாம்? மற்ற தொட்டிகளைப் பார்த்துவிட்டதால் முழுப் பணத்தையும் கேட்பது நியாயமாகப் படவில்லை. கட்டணத்தில் ஒரு பகுதியும், அத்தனை தூரம் வந்து ஏமாந்ததற்கு ஓர் இழப்பீடும் கேளுங்கள். ரயில் செலவைக் குறிப்பிடுங்கள். அதைத் தருவதா வேண்டாமா என்பது ஆணையத்தின் முடிவு.

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். டிக்கெட், பணம் கட்டிய ரசீது, மூடியிருந்த இடத்தின் படம், சுரங்கத்தைக் காட்டிய விளம்பரப் பக்கம் நான்கையும் இணையுங்கள். விளம்பரத்தை அவர்கள் மாற்றிவிடலாம், அதனால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கேயே பல விஷயங்கள் பேசி முடிந்துவிடும். முடியாவிட்டால் அப்புறம் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். விசாரணைக்கு நேரில் போக முடியாதென்றால் காணொளி வழியாக நடத்தும்படி மனு கொடுக்கலாம்.

கேள்வி: இதேபோல் ஒரு மீன் காட்சியகத்துக்கு ஆப்பில் டிக்கெட் எடுத்தபோது, நான் கேட்காமலேயே நன்கொடை என்று ஒரு தொகை சேர்ந்துவிட்டது. சின்னத் தொகைதான், விட்டுவிடலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: விடாதீர்கள். உங்கள் சம்மதமில்லாமல் கடைசிப் பக்கத்தில் எதையாவது சேர்த்துவிடுவதை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. நன்கொடைக்கும் அது பொருந்தும். ரசீதில் அந்தத் தொகை தனி வரியாக இருக்கும். அதைக் காட்டி ஆப் நிறுவனத்திடம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் இதற்கும் 1915தான்.