ஏற வேண்டாம், இறங்குங்கள்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகன், ஒரு நாள் பக்கத்துச் செக் நாட்டின் தலைநகரான பிராக்கைச் சுற்றிக் காட்டுகிறேன் என்கிறான். எல்லாம் நடைதானாம். எனக்கோ முழங்கால் வலி. சமாளிக்கலாமா?
– வாசகி, அட்டன்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அக்கா. மலைநாட்டுக் காலுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் எல்லோரையும் போலக் கீழிருந்து கோட்டைக்கு ஏறாதீர்கள். நான் அப்படி ஏறி, பாதி வழியில் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் 22ஆம் இலக்க டிராமில் மேலே போய்விடுங்கள். அங்குள்ள புனித வீத்து தேவாலயம் 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்ததாம். எங்கள் தோட்டத்துப் பாலத்தைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன்!

அப்புறம் நெருடோவா தெருவில் மெதுவாக இறங்கினால் சார்லஸ் பாலம். முப்பது சிலைகள். நெபொமுக் என்ற புனிதரின் சிலையடியில் வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்த்த இடம் மட்டும் புளி போட்டு விளக்கிய குத்துவிளக்காக மின்னும். பாலம் கடந்தால் 1410ஆம் ஆண்டுக் கடிகாரம்; மணிக்கொரு தடவை அதிலுள்ள எலும்புக்கூட்டுப் பொம்மை கயிறு இழுத்து மணியடிக்கும்.

வழியெல்லாம் கல் பாவிய தெரு. புதுச் சப்பாத்து மட்டும் வேண்டாம்.