சைவ வீட்டிற்கு ஏற்ற கெக்கோ எது?

கேள்வி: 12 வயதான என் மகள் கெக்கோ பல்லி ஒன்றை வளர்த்தே தீருவேன் என்கிறாள். கடையில் லெப்பர்டு, கிரெஸ்டட், டோக்கே ஆகிய மூன்று வகைகளைக் காட்டினார்கள். நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டும் என் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். முதன்முதலாக வளர்ப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: டோக்கேயை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அழகானதுதான், ஆனால் கடித்தால் எளிதில் விடாது, இரவில் அது எழுப்பும் உரத்த ஒலி வீட்டில் எவரையும் உறங்க விடாது.

புதியவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது லெப்பர்டு கெக்கோ, அதில் தவறில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்த இது, கண்ணாடியில் ஏறாமல் தரையிலேயே நடமாடும்; பழகியபின் கையில் அமைதியாக இருக்கும்; தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்துவைப்பதால் ஓரிரு வேளை உணவு தவறினாலும் தளர்ந்துவிடாது. ஆனால் இது பூச்சிகளை மட்டுமே உண்ணும், அதுவும் பெரும்பாலும் உயிரோடு. சிள்வண்டையும் புழுவையும் தொடர்ந்து வாங்கிவந்து, முதலில் அவற்றுக்குத் தீனி போட்டு, பிறகு கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். சைவ வீடு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இறைச்சி சமைக்கும் வீடுகளிலும் நெளியும் புழு டப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்க எல்லோரும் சம்மதிப்பதில்லை.

ஆகவே உங்கள் வீட்டிற்கு நான் பரிந்துரைப்பது கிரெஸ்டட் கெக்கோ. நியூ கலிடோனியாவைச் சேர்ந்த இந்தப் பல்லி, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டறியப்பட்டது. காட்டில் பழத்தையும் பூச்சியையும் தின்னும் இதற்கென, தண்ணீரில் குழைத்து வைக்கும் முழு உணவுப் பொடி விற்கிறார்கள். பல பொடிகளில் பூச்சி மாவோ முட்டைப் புரதமோ சேர்ந்திருக்கும் என்பதால், உங்கள் வீட்டில் எதற்குச் சம்மதம் என்று முடிவுசெய்துகொண்டு, உறையில் உள்ளதைப் படித்து வாங்குங்கள். செலவை மிச்சப்படுத்த மாம்பழக் கூழை மட்டும் கொடுத்துவந்தால், கால்சியம் குறைந்து எலும்புகள் வளைந்துவிடும்.

இதற்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் போதும். குளிர்காலத்தில் அதை எட்டுவதற்குத் தெர்மோஸ்டாட்டுடன் இணைந்த சிறிய வெப்ப விளக்கு தேவைப்படலாம். உண்மையான ஆபத்து கோடையில்தான்: 28 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் இதன் உயிருக்கே கேடு. லண்டனில் 2022 ஜூலையில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளில் கூண்டை வைப்பதற்கு வீட்டில் குளிர்ந்த இடம் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

இது மரக்கிளைகளில் வாழ்வது என்பதால், கூண்டின் அகலத்தைவிட உயரம் முக்கியம், 45 செ.மீ. அகலமும் நீளமும், 60 செ.மீ. உயரமும் உள்ளது ஒரு பல்லிக்குப் போதும். மாலையில் தண்ணீர் தெளித்து, மறுநாள் பகலில் ஓரளவு உலர விடுங்கள். கதவு திறந்திருந்தால் சுவரேறிவிடும். மாமியாரின் நிம்மதிக்காகவேனும் பூட்டுள்ள கூண்டாக வாங்குங்கள். மகளிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: இது திடீரென்று தாவும், மிரண்டால் வாலைக் கழற்றிவிடும், லெப்பர்டு கெக்கோவுக்கு மீண்டும் வால் வளரும், இதற்கு வளராது. சால்மோனெல்லா கிருமி தொற்றக்கூடும் என்பதால், தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுவது கட்டாயம்.

இது 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் பராமரிப்பு உங்கள் தலையில்தான் விழும். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவருக்கு விலங்கை விற்பது குற்றம் என்பதால், சட்டப்படியும் பொறுப்பு உங்களுடையதே. இடுப்பெலும்பு துருத்தாத, விரல்களில் பழைய தோல் ஒட்டியிராத, வளர்ப்பிடத்தில் பிறந்த சில மாதக் குட்டியைத் தேர்ந்தெடுங்கள். கூண்டை ஒரு வாரம் முன்னரே அமைத்து, வெப்பமானி காட்டும் அளவை இரவும் பகலும் குறித்துப் பார்த்து, அது நிலையான பிறகே பல்லியை அழைத்து வாருங்கள்.